மூன்றாம் அறையின் மோட்டார்

மாத்தளையில் ஒரு கல்லூரி, இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டில், சும்மா கிடந்த மரவேலைக் கூடத்துக்கு வெள்ளையடித்து, நாலு அறையாகத் தடுத்து, வாசலில் 'புதிய தொழில்நுட்பக் கம்பனிகள் வளர்ப்பகம்' என்று பலகை மாட்டியது. மூன்றாம் அறை எல்கடுவ தோட்டத்து இராசமாணிக்கத்துக்குக் கிடைத்தது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு வருஷத் தவணை, அவ்வளவுதான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஆறு பேரோடு படுத்து எழும்பியவனுக்கு அதுவே அரண்மனை. தவணை முடிய இன்னும் ஒரு வாரம். நீடிக்காவிட்டால் மேசையும் போச்சு, கம்பனியும் போச்சு, மறுபடி லயம்தான்.

அவன் செய்த சாமான் லேசானது. கலேவெலயில் மிளகாய் போடுகிறவர்கள் கிணற்று மோட்டாரைப் போட ஒரு மைல் நடக்கிறார்கள். இவனுடைய பெட்டியை மோட்டாரில் பூட்டிவிட்டால், வீட்டிலிருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், மோட்டார் தானாக ஓடும். உள்ளே பழைய போன், பெட்டரி, வயர். குண்டுப் பயம் மிகுந்த அந்த யுத்த நாளில் ஒரு தமிழ்ப் பையன் கையில் சேர்ந்திருக்கக் கூடாத மூன்றும் ஒரே பெட்டிக்குள்! அதனால் சிங்களத்தில் எழுதிச் சீல் அடித்த கடிதம் இல்லாமல் அதை அடுத்த அறைக்குக்கூட அவன் கொண்டுபோனதில்லை. கடிதம் தருகிறவர் வளர்ப்பகப் பணிப்பாளர் ஞானசுந்தரம், யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்து மணிக்குமேல் விசிறி சுற்றினால் அதற்கும் கடிதம் கேட்கிற மனிதர்.

தவணையைத் தீர்மானிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முன்னால் ஜீப், பின்னால் ஜீப், நடுவில் கூரையெல்லாம் ஏரியல் நட்ட வேன். முற்றத்தில் உட்காரக் கதிரைகளும், ஒரு பீப்பா தண்ணீரும், பக்கத்தில் மோட்டாரும் தயாராக இருந்தன. காவலர்கள் பெட்டியைக் கழற்றிப் பார்த்து, கடிதத்தைப் பார்த்து, மறுபடி பெட்டியைப் பார்த்து, ஒருவழியாக விட்டார்கள்.

கலேவெலயில் இராசமாணிக்கத்தின் கூட்டாளி ரவூப் போனும் கையுமாகக் காத்திருந்தான். அலுவலக லேண்ட்லைனில் கூப்பிட்டுச் சொல்ல, அவன் எஸ்.எம்.எஸ். போட்டான். மோட்டார் அசையவில்லை. இன்னொன்று போட்டான். ம்ஹூம். இராசமாணிக்கம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பாழாய்ப்போன ஏரியல் வேன்! பெரியவரின் பாதுகாப்புக்காக அது அக்கம்பக்கத்துப் போனையெல்லாம் ஊமையாக்கி வைத்திருக்கிறது.

வாய் திறந்து சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த வேன் என்ன செய்யும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பொலிஸில் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். பணிப்பாளரைப் பார்த்தான். அவரும் வேனைப் பார்த்துவிட்டுத் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம சாமான்ல ஏதோ கோளாறுங்க சேர்," என்றான் இராசமாணிக்கம்.

பெரியவர் சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல, செயலாளர் வருகைப் புத்தகத்தில் மைப் பேனாவால் சிங்களத்தில் எழுதினார்: கருவி பயனற்றது, அறையை வேறொருவருக்குக் கொடுக்கவும். பெரியவர் தன் போல்பொயின்ட் பேனாவால் ஒப்பமிட்டு, இரண்டு வடை தின்று, கிளம்பினார்.

வேன் சந்தி தாண்டியிருக்கும், மோட்டார் உறுமியது. மானம் தாங்காமல் ரவூப் அனுப்பிய ஏழு எஸ்.எம்.எஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. தண்ணீர் பீறிட்டுக் கதிரைகளையும், மிச்ச வடையையும், மை காயட்டும் என்று திறந்துவைத்த புத்தகத்தையும், ஞானசுந்தரத்தையும் நனைத்தது. இராசமாணிக்கம் நிறுத்த ஓடவில்லை. இப்ப ஓடு சனியனே, நல்லா ஓடு என்று பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது.

ஞானசுந்தரம் புத்தகத்தை எடுத்து உதறினார். செயலாளர் எழுதியதெல்லாம் நீலமாகக் கரைந்து வழிந்துவிட்டது. அடியில் பெரியவரின் ஒப்பம் மட்டும் அப்படியே இருந்தது. படிவத்தில் ஒரு கமாவைக்கூட மாற்றாத மனிதர் வாசலைப் பார்த்தார், கரைந்த பக்கத்தைப் பார்த்தார்.

"உமக்குச் சிங்களம் வடிவா எழுத வருமோ?"

"வருங்க சேர்."

"எனக்குக் கை நடுங்குது. பக்கம் காய்ஞ்சதும் நீர் எழுதும். தவணை இரண்டு வருஷமெண்டு போடும்."

சட்டைப் பையிலிருந்து மைப் பேனாவை எடுத்து நீட்டியவர், இன்னும் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு போல்பொயின்டைக் கொடுத்தார்.