மார்பின் குறுக்கே இரண்டு கைகள்

நாற்பத்தெட்டு வயதில் என்னை மூலையில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

வகுப்பறை மூலை இல்லை, வாலிபால் கோர்ட்டின் மூலை. கையில் ஒரு சிவப்புக் கொடி. போர்ட் பிளேரில் பள்ளிகளுக்கிடையே எந்த ஃபைனல் நடந்தாலும் உயர நாற்காலியில் உட்கார்ந்து பதினேழு வருடம் விசில் ஊதியவன் நான். ஆவுடையப்பன் சார் ஊதினால் ஊதினதுதான் என்பார்கள். அதுவரை ஒரே ஆள், ஒரே விசில், மிஞ்சிப்போனால் வலைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர். 2010-ல் மெயின்லேண்டில் இருப்பதுபோல இங்கேயும் ஆறு பேர் நடுவர் குழு என்று உத்தரவு வந்தது. இரண்டு ரெஃப்ரி, நாலு மூலைக்கு நாலு லைன்ஸ்மேன். இதற்காக எங்களைப் போன்ற பி.டி. மாஸ்டர்களுக்கு மின்னி பே பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நாலு நாள் பயிற்சி. சொல்லித்தர வந்தவர் கட்சால் தீவின் பி.டி. டீச்சர் வசந்தகுமாரி. சென்னையில் நடுவர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர். வயது இருபத்தொன்பது.

பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. முதல் நாள் முழுக்க எனக்கு அதே யோசனைதான்.

1998 ஃபைனல். கட்சால் பெண் பிள்ளைகள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்து, அத்தனை பேரையும் ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. அங்கம்மா என்ற பெண் ஓங்கி அடித்தாள். பந்து பின்கோட்டருகே விழுந்த நொடியில் நான் யாராவது வலையைத் தொட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷனுக்கு இருப்பது இரண்டு கண், இரண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கும். ஆனால் மைதானம் முழுக்க என்னையே பார்த்தது. அவுட் என்று கையைத் தூக்கினேன். கேப்டன் பெண் நாற்காலிக்குக் கீழே வந்து நின்று கேட்டாள், "சார், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன், போ" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எழவே இல்லை, தோற்றுப் போனார்கள். அந்தக் கேப்டன்தான் இந்த வசந்தகுமாரி.

முதல் நாள் அவர் பையிலிருந்து எடுத்தது விதிப் புத்தகம் இல்லை, ஒரு சுருள் தேங்காய் நார்க் கயிறு. அதைச் சிமென்ட் கோட்டின் மேல் நீட்டி இரண்டு முனையிலும் கல் வைத்தார்.

"சுனாமிக்கு அப்புறம் எங்களுக்கு கிரவுண்டே இல்லைங்க சார். தகர ஷெட்டுக்குப் பக்கத்துல மண்ணுல கயித்தக் கட்டித்தான் கோர்ட். பந்து பட்டுச்சுன்னா கயிறு துள்ளும். நான் ஒத்த ஆளு, பந்து பின்னால எங்கிட்டு ஓடறது? கயித்த மட்டும் பாப்பேன். பந்து எங்க சுத்துனாலும் கடைசில கீழதான வரணும்?"

கேட்க எளிதாக இருந்தது. செய்ய வரவில்லை. பந்து மேலே போனால் என் தலையும் கூடவே மேலே போயிற்று. போதாக்குறைக்கு அடுத்தவர் கோட்டுக்கும் நானே கொடி தூக்கினேன். ஹேவ்லாக் பள்ளி ஜம்புலிங்கம் பொறுக்க முடியாமல் கத்தினார், "அரே ஆவுடை சார், அது என் லைன்! உங்களுக்குப் பட்டா போட்டுக் குடுத்தது அந்த லைன்!"

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். கொடியை எறிந்துவிட்டுப் போயிருப்பேன். டீச்சர் பக்கத்தில் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று சொல்லி, ஒரு தேங்காய்ச் சிரட்டையை என் தலையில் கவிழ்த்து வைத்தார். தலை நிமிர்ந்தால் விழும். அன்றைக்கு எத்தனை முறை விழுந்தது என்று எண்ணவில்லை. மாஸ்டர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல வெயிலில் நின்று எனக்காகவே பந்தை மாற்றி மாற்றிக் கோட்டருகே போட்டுக்கொண்டே இருந்தார். சாயந்திரம் அவருக்குத் தொண்டை கட்டி, தோள் வீங்கியிருந்தது. சிரட்டை இப்போது விழாமல் என் தலையிலேயே இருந்தது. வாத்தியார் வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு மக்குப் பையனுக்காக நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

மூன்றாம் நாள் சைகைகள். கொடி கீழே என்றால் உள்ளே. கொடி மேலே என்றால் வெளியே. கடைசியாக, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"இது, 'நான் பாக்கல'ன்னு சொல்றதுக்கு."

"இதுக்கும் சிக்னலா?" என்றார் ஜம்புலிங்கம். "வீட்ல பீவி கேள்வி கேட்டா இதையே காட்டிறலாம் போல!" எல்லாரும் சிரித்துக்கொண்டே கைகளை மார்பில் வைத்தார்கள். என் கைகள் மட்டும் எழவில்லை. டீச்சர் அதைப் பார்த்தார்.

டீ குடிக்கும்போது தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "உங்க பழைய டீம் பிள்ளையள்லாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஆறு பேர்ல மூணு பேர் இருக்கோம் சார். அங்கம்மாவும் சுனாமில போயிருச்சு" என்றவர் பந்தைத் துடைத்துப் பையில் போட்டார். ஒருநாள் கட்சாலுக்குப் போனால் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் உள்ளுக்குள் வைத்திருந்த சாக்கும் அதோடு போயிற்று.

அந்த வாரமே பெண்கள் ஃபைனல். ஒரு போர்ட் பிளேர் பள்ளியும் கட்சாலும் மோதின. தன் ஊர்ப் பிள்ளைகள் ஆடுவதால் டீச்சர் விசிலைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யார் எங்கே நிற்பது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். என் நாற்காலியில், எங்களோடு பயிற்சி எடுத்த சந்திரமோகன். ஒரு பக்கத்துப் பின்கோட்டுக்கு நான்.

கடைசியான மூன்றாவது செட்டில் என் பக்கம் போர்ட் பிளேர் பிள்ளைகள். கட்சால் பதினான்கு, எதிரணி பதின்மூன்று. மணி நாலரை. எங்கள் ஊரில் நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கட்சால் பெண் எம்பி அடித்தாள். என் கண் கோட்டில்தான் இருந்தது, தலை நிமிரவில்லை. தடுக்கப் பின்னால் பாய்ந்த பெண் சரியாக எனக்கும் கோட்டுக்கும் நடுவில் விழுந்தாள். அவளுடைய மஞ்சள் சட்டைதான் தெரிந்தது. பந்து தரையில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

சந்திரமோகன் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கொடியைக் கீழே காட்டினால் போதும். கட்சாலுக்குக் கோப்பை. அங்கம்மாவிடமிருந்து பிடுங்கிய புள்ளியைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். ஆவுடையப்பன் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கொடி பாதி இறங்கிவிட்டது. அப்போதுதான் உறைத்தது, இதுவும் பார்க்காமல் சொல்வதுதான். அன்றைக்கு ஒரு பிள்ளையை ஏமாற்றினேன், இன்றைக்கு இன்னொரு பிள்ளையை ஏமாற்றப் போகிறேன்.

கைகளை மார்பின் குறுக்கே வைத்தேன்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஊளையிட்டார்கள். "கிழட்டுப் புட்டாவுக்குக் கண்ணு தெரியலடா" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். சந்திரமோகன் மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் பார்த்திருக்கவில்லை. இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார். புள்ளி யாருக்கும் இல்லை, மறுபடி ஆடணும். ஆடினார்கள். கட்சால் பதினான்கிலேயே நின்றது, எதிரணி பதினாறில் முடித்தது.

தோற்ற பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து ஆறு பேருக்கும் கை கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"என்னைய ஏன் அந்த மூலைல போட்டீங்க?" என்றேன் எரிச்சலாக. "வேற ஆளே கிடைக்கலையா?"

"அந்த சிக்னல எல்லாரும் சிரிச்சிக்கிட்டே செஞ்சாங்க சார். உங்களுக்கு மட்டுந்தான் கை வரல. அது என்னான்னு உங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேன். எங்க புள்ளைங்க ஆட்டத்துக்கு அப்பிடி ஒரு ஆளு வேணும்னு தோணுச்சு." சற்று நிறுத்தி, "அன்னைக்குக் கேட்டதையே இன்னைக்கும் கேக்குறேன். பாத்தீங்களா சார்?"

"இல்லம்மா" என்றேன். "ரெண்டு தடவையும் பாக்கல."

பன்னிரண்டு வருடமாக வராத வார்த்தை.

"தெரியும் சார்" என்றார். "அங்கம்மாவுக்கும் தெரியும். திரும்பிப் போறப்ப கப்பல்ல நாங்கல்லாம் உங்கள வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு வந்தோம். அது மட்டும் திட்டல. 'பாவம்டி அந்த சார், தெரியலன்னா யார்கிட்டச் சொல்லுவாரு? மேல ஒத்த ஆளா உக்காந்திருக்காரே'ன்னுச்சு."

கொடியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.