அரபியில் பெயரிட்ட கோப்புறை

மடிக்கணினியைத் துண்டில் சுற்றி, அதன்மேல் உப்புமீனுக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயக் குழம்பான ஷர்மூலா ஒரு கிண்ணமும் வைத்துக்கொண்டு மஹ்ரஸ் மாடியேறி வந்தார். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுக்க உப்புமீன் வாசனை.

"ரிதா தம்பி, கோவப்படாதே. உன் மெயில் சாமானைக் கெடுத்துட்டேன்."

பதினோரு வருடமாக ரிதா ஒற்றை ஆளாக எழுதி, பழுதுபார்த்து, ஊருலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவரும் மின்னஞ்சல் மென்பொருள் அது. கீழ்வீட்டுத் தையற்காரரான மஹ்ரஸ், மாடிவீட்டுப் பிள்ளை செய்தது என்பதற்காகவே வேறெதையும் தொடமாட்டார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"மார்செய் ஊர்ல செத்துப்போனாளே, என் தங்கச்சி ஹலீமா, அவ எழுதின மெயிலை எல்லாம் ஒரே இடத்துல வைப்போம்னு நேத்து ஒரு ஃபோல்டர் பண்ணி உள்ள தள்ளினேன். திறந்தா காலி. கழுதை நான், எதையோ அமுக்கிட்டேன்."

"ஃபோல்டருக்குப் பேரை எதுல எழுதினீங்க?"

"அரபிலதான். அவ என்ன சீனாக்காரியா?"

ரிதா தன் கணினிப் பக்கம் திரும்பினான். அவன் படித்தது பிரெஞ்சில், நிரல் எழுதுவது ஆங்கிலத்தில். அம்மாவோடு சண்டை போடுவது மட்டும் அரபியில். சோதித்துப் பார்க்க அவன் வைத்திருந்த கோப்புறைகள் அத்தனைக்கும் பிரெஞ்சுப் பெயர். இப்போது அரபியில் ஒன்று உண்டாக்கி, ஒரு கடிதத்தை நகர்த்தினான். அங்கே போய்ச் சேரவில்லை. பழைய இடத்திலும் இல்லை. நகல் சேர்ந்ததா என்று பாராமலே மூலத்தை அழித்திருந்தது அவன் எழுதிய நிரல்.

"வேற எங்கயாவது நகல் இருக்கா அண்ணே?"

"தைச்ச சட்டைக்கு யாராவது நகல் வைப்பாங்களா? திரும்ப வராதா?"

"வராது."

"நான் ஒரு கழுதை," என்றார் மஹ்ரஸ் மறுபடியும். "உன் பெருநாளையும் கெடுத்துட்டேன்."

'பரவாயில்லை அண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால், தவறு தன்னுடையதுதான் என்று அவர் அப்படியே நம்பிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ரிதா திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"இதைப் படிங்க. போன வருஷம் வந்த புகார்."

கஃப்ஸா ஊரிலிருந்து மபர்கா என்ற பள்ளி ஆசிரியை அரபியில் எழுதியது. அரபியில் பெயர் வைத்த கோப்புறைக்குள் போட்ட கடிதங்கள் மறைந்துவிடுகின்றன. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில், அதன் கீழே ரிதாவின் பதில்: 'தவறு உங்களுடையது. கையேட்டைப் படியுங்கள். இங்கே ஆங்கிலத்தில் எழுதுங்கள்.' அந்தப் பதிலுக்குப் பத்தொன்பது பேர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். அவள் 'மன்னிக்கவும்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

மஹ்ரஸ் மெதுவாகப் படித்து முடித்தார்.

"அன்னைக்கே இந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டிருந்தா?"

"உங்க தங்கச்சி மெயில் எல்லாம் இருந்திருக்கும்."

"என்னை நானே கழுதைன்னு திட்டிக்கிட்டப்போ, கேட்டுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தே?"

ரிதா விசைப்பலகையை இழுத்து அந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கினான்.

"என்ன எழுதுறே? வாசி."

"'சில கோப்புறைகளில் சிறு கோளாறு...'"

"சில? சிறு?" மஹ்ரஸ் குறுக்கிட்டார். "எனக்கு அவ எழுதினது மொத்தமும் போச்சு தம்பி."

ரிதா அதை அழித்தான். மபர்காவின் பெயரை முதலில் எழுதினான். 'நீங்கள் சொன்னது சரி. தவறு என்னுடையது. அரபிப் பெயர் வைத்தால் கடிதங்கள் அழிந்துபோகும். நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. என்னால் என் அண்டைவீட்டுக்காரர் இறந்த தங்கையின் கடிதங்களை இழந்தார்.' பிரெஞ்சிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை, அரபியில். எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டவேண்டியிருந்தது.

மஹ்ரஸ் கடைசி எழுத்துவரை காத்திருந்தார். பிறகு மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார்.