குப்பை லாரியின் இரண்டு வளையங்கள்

ராயபுரத்தில் பிராங்கிளின் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் "குப்பை பிராங்கிளின்" என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபின் மனிதர் சும்மா இருந்தாரா? கூட ஓய்வு பெற்றவர்கள் ஆட்டோ வாங்கி வாடகைக்கு விட்டார்கள், மாதா கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போட்டார்கள். இவர் பழைய குப்பை லாரிகளைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எந்த லாரி எந்தத் தெருவில் ஓடியது, எதற்கு மரப்பலகை, எதற்குத் தகரம், எப்போது மேலே மூடி வந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரண்டு லாரிக் கதவுகள், பரண்மேல் ஹாரன்கள், சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நம்பர் பிளேட்.

"ஊர்ல கீறவன்லாம் குப்பையை லாரில கொட்டுவான். என் வூட்டுக்காரரு லாரியையே வூட்டுக்குள்ள கொட்டிக்கினு கீறாரு," என்பாள் அவர் மனைவி டோரதி. சொல்லிக்கொண்டே அந்தக் கதவுகளைத் துடைத்தும் வைப்பாள். அது வேறு விஷயம்.

இத்தனை தெரிந்த மனிதரை ஒரே ஒரு சங்கதி மட்டும் பாடாய்ப் படுத்தியது. ராயபுரம் பக்கம் ஓடிய பழைய ஃபார்கோ லாரிகளின் படங்களை உற்றுப் பார்த்தால், இடது பக்கம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, அடிச்சட்டத்தில் இரண்டு இரும்பு வளையங்கள் தெரியும். ஒரு கை நீட்டம் தள்ளித் தள்ளி. வண்டியோடு வந்தவையல்ல, யாரோ பிறகு பற்றவைத்தவை. எதற்கு? மண்வெட்டி மாட்டவா? மண்வெட்டி மேலே கிடக்கும். கட்டி இழுக்கவா? இழுக்கிற வளையம் முன்னால் அல்லவா இருக்க வேண்டும்! கேட்ட இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ராயபுரம் குப்பை லாரி டிப்போவின் டிரைவர்கள் வண்டி எடுக்குமுன் இடது பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்ப்பார்கள். உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தட்டு. அப்புறம்தான் ஏறுவார்கள். புதிதாக வந்த டாடா வண்டியிலும் இதே கதைதான். அது வண்டிக்குச் செய்யும் கும்பிடு என்று பிராங்கிளின் முடிவு கட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லிவந்தார். ஆனால் லியோனார்ட் என்ற டிரைவர் தட்டி முடித்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் தனியாகச் சிலுவையும் போட்டுக்கொள்வான்.

"அப்ப இந்தத் தட்டு எதுக்குடா?" என்று ஒருநாள் அவனைக் கேட்டார்.

"தெர்ல மாமு. எனக்கு வண்டி கத்துக்குடுத்தவரு தட்டுனாரு, நானும் தட்றேன்," என்று அவன் சிரித்துவிட்டுப் போனான்.

இரண்டாயிரத்து மூன்று, மே மாத வெயில். திருவொற்றியூரில் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் காயலாங்கடை வைத்திருக்கும் ஹுமாயூன் பாய் ஆள் விட்டுக் கூப்பிட்டார். பிராங்கிளின் போய்ப் பார்த்தால், அட கடவுளே, முழு ஃபார்கோ! எஞ்சின் இல்லை, கண்ணாடி இல்லை, டயர்கள் சப்பையாகிக் கிடந்தன. ஆனால் கதவில் ராயபுரம் டிப்போவின் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இடது பக்கம் இரண்டு வளையங்களும் அப்படியே இருந்தன. மண்ணில் படுத்து அவற்றைத் தடவினார். வெளியெல்லாம் துரு. உள்பக்கம் மட்டும் கீழ் வளைவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. சங்கிலி போட்டிருந்தால் இரும்பில் வெட்டு விழுந்திருக்கும். கயிறு இவ்வளவு அகலமாகத் தேய்க்காது. பின்னே எது தேய்த்தது?

"முழு வண்டியும் எனக்கு வேணும் பாய்," என்றார் எழுந்து மண்ணைத் தட்டியபடி.

"உன் சந்துல சைக்கிளே நெளிஞ்சிக்கினுதான் போவுது. இத்தை எங்க நிறுத்துவ? உனக்குப் புடிச்ச உருப்படி ஒண்ணு எடுத்துக்க தோஸ்து. மீதியை வெள்ளிக்கிழமை டில்லிபாபு வெட்டிடுவான்."

"வளையம்தான் வேணும். ஆனா அது எதுக்குன்னு தெர்லியே! தெரியாம எடுத்துக்கினு போனா அது சொம்மா இரும்பு, பாய். வண்டியோட கீறப்போதான் கண்டுபுடிக்க முடியும்."

"உன்னோட பெரிய பேஜாரு," என்றார் ஹுமாயூன். ஆனால் வெள்ளிக்கிழமையை மாற்றவில்லை.

அந்த வாரம் முழுக்க பிராங்கிளினுக்குச் சோறு இறங்கவில்லை. டிப்போவுக்கு ஓடினார், பழைய டிரைவர்கள் வீடு தேடி அலைந்தார். ஒருவர் படுக்கையில் இருந்தார், ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். வெள்ளிக்கிழமையும் வந்தது. முகம் தொங்கப் போய் நின்றார்.

வெட்டுகிற இடத்துக்கு லாரியை இழுக்க டிராக்டரில் சங்கிலி மாட்டியிருந்தார்கள். கேஸ் கட்டரோடு டில்லிபாபு தயாராக இருந்தான். டிராக்டர் உறுமியது.

"ஒரு நிமிஷம்! கடைசியா ஒருவாட்டி பாத்துக்கறேன்," என்று பிராங்கிளின் கையைக் காட்டிவிட்டு இடது பக்கம் போய்க் குனிந்தார்.

அடியில் ஏதோ மஞ்சள் துணி தொங்கியது. கந்தல் என்று நினைத்தார். கந்தல் அசைந்தது. துணியின் மடிப்பிலிருந்து ஒரு குட்டிப் பாதம் நீட்டி, விரல்களை விரித்து, மறுபடி உள்ளே போனது.

"நிறுத்துடா! டேய், நிறுத்து!" தொண்டை கிழியக் கத்தினார். டிராக்டர் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்? உள்ளங்கையால் லாரித் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். டிராக்டர்காரன் திடுக்கிட்டுத் திரும்பி எஞ்சினை அணைத்தான்.

செம்புக் கம்பி உரிக்கிற கொட்டாயிலிருந்து ஒரு பெண் விழுந்தடித்து ஓடிவந்தாள். வியாசர்பாடியிலிருந்து கூலிக்கு வருகிற மதி. அடியில் நுழைந்து, தூளியிலிருந்து குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அறிவு கீதா உனக்கு? வண்டிக்கடியில கொண்டாந்து கட்டுவியா?" என்று ஹுமாயூன் கத்தினார்.

"வெயில்ல வேற எங்க கட்றது பாய்? நெழலு இங்கதான் கீது. நேத்து வந்தவ நான், இத்தை இன்னிக்கே இழுப்பீங்கன்னு யாரு சொன்னா? ரெண்டு வளையம் இருந்திச்சு, தூளிக்குன்னே வச்சாப்புல. ஸோக்கா கட்டிட்டேன்," என்றாள் மதி. சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.

பிராங்கிளின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வளையத்தில் இன்னும் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. வழவழப்பான அந்தக் கீழ் வளைவில் துணி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம், நடைபாதைப் பக்கம். தெருக் கூட்டுகிற பெண்கள் பிள்ளையை வேறு எங்கே விட்டிருப்பார்கள்? குப்பை அள்ளி முடியும்வரை லாரி நிற்கும், நிழல் இருக்கும். கிளம்புமுன் டிரைவர் குனிந்து பார்க்க வேண்டும், தகரத்தைத் தட்டித் தாயைக் கூப்பிட வேண்டும். தூளி கட்டுவது எப்போதோ நின்றுபோய், குனிவதும் தட்டுவதும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைப் போய்க் கும்பிடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"தெரிஞ்சிடுச்சு பாய்! தூளி! தூளிக்குத்தான்!"

"அப்ப சரி. டில்லி, ரெண்டு வளையத்தையும் பதமா வெட்டி இவருகிட்ட குடு," என்றார் ஹுமாயூன்.

மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிராங்கிளினைப் பார்த்தாள். "அந்த வளையத்த நீ எடுத்துக்கினு போய்ட்டா, நாளைக்கு நான் எங்க கட்றது நைனா?"

பிராங்கிளின் வளையங்களைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை வருஷத் தேடல்! டோரதி அவற்றைத் துடைத்து வைப்பாள், வருகிறவர்களிடம் இப்போது சரியான கதையைச் சொல்லலாம். தர மனசே இல்லை அவருக்கு. குழந்தை வேறு கொட்டாவி விட்டு அவரையே பார்த்தது.

"பாய்," என்றார் கடைசியில். "கொட்டாய்ல இரும்பு உத்தரம் கீதில்ல? ரெண்டையும் அதுல ஒட்டவச்சுடு. இவ உக்கார்ற எடத்துக்கு நேரா."

"உனக்கு?"

"நான் தெரிஞ்சிக்கினேன், போதும்."

டில்லிபாபு வெட்டி எடுத்து, கொட்டாய் உத்தரத்தில் பற்றவைத்து, தண்ணீர் ஊற்றி ஆறவைத்தான். மதி புடவையை எடுத்தாள். "இரு," என்று பிராங்கிளின் அவளைத் தடுத்தார். ஆயுள் முழுக்கக் கொக்கியில் சரக்குத் தூக்கியவர், சும்மா நம்பிவிடுவாரா? முக்காலி போட்டு ஏறி, வளையத்துக்கு ஒரு கையாகப் பிடித்து, கால் இரண்டையும் மடக்கித் தொங்கினார். தொந்தியும் சட்டையுமாக அவர் ஆடியதைப் பார்த்து கம்பி உரிக்கிற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"யோவ், கொட்டாய் இட்ஞ்சா நீதான் கட்டித் தரணும்!" என்று ஹுமாயூன் கூச்சலிட்டார்.

வளையம் அசையவில்லை. மதி தூளியைக் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுக் கம்பிக் குவியலுக்குத் திரும்பினாள். வெளியே டில்லிபாபு கட்டரைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. பிராங்கிளின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தூளியின் ஆட்டம் குறையும்போதெல்லாம் இன்னொரு தள்ளு தள்ளினார்.