உறை போட்ட ஒயர்

அந்த வீட்டில் உறை இல்லாத பொருள் கிடையாது. டிவி ரிமோட்டுக்கு உறை, கத்தரிக்கோல் முனைக்கு உறை, உடைந்த குடையின் கைப்பிடிக்குக்கூட உறை. அம்மா தையல்காரி. துண்டுத் துணி கையில் சிக்கினால் சும்மா விடமாட்டாள். அசந்தால் தனக்கும் ஒன்று தைத்து மாட்டிவிடுவாள் என்று மூத்த மகள் பெரியவள் அடிக்கடி அலுத்துக்கொள்வாள்.

அன்று காலை அவள் அலுக்கவில்லை, கொதித்தாள். அடுத்த வாரம் தம்பி சின்னவனின் மகளுக்குக் கல்யாணம். அவன் முகத்திலேயே விழிப்பதில்லை என்று கால் நூற்றாண்டாக வைராக்கியமாக இருப்பவளை, ஒரே ஒரு தடவை வாடி என்று அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எரிச்ச டிஸ்க் எந்திரிச்சு ஓடட்டும். அன்னிக்கு நானும் வரேன்" என்றாள் பெரியவள்.

பழைய கதைதான். கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் அவள் வரைந்த வரைபடங்கள் முழுக்க அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. தன் பள்ளிப் பரீட்சை நேரத்திலும் சின்னவன் அதில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். படங்களை ஒப்படைக்க வேண்டிய வாரம், எல்லாம் பதிந்திருந்த டிஸ்க்கையே காணோம் என்றது திரை. பக்கத்து வீட்டு எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் பெட்டியைத் திறக்காமலே, "ஓவரா ஓட்டி எரிச்சிட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். சின்னவன் படிப்பை விட்டு, சித்தப்பாவின் லாரிப் பட்டறைக்குப் போனான். பெரியவள் அந்த வருடம் தோற்றாள், பட்டம் வாங்கவே இல்லை. இன்றைக்கும் அவள் வரைகிற படங்களுக்குக் கீழே வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள்.

"அப்போ திறந்துதான் பாரேன்" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா இருந்தவரை பரணில் கிடந்த அந்தப் பெட்டியைத் தொடவே விடாதவள் இவள்.

சரி, ஊரறிய நிரூபித்துவிடலாம் என்று இறக்கினாள். தூசி தட்டி, மின்சாரம் கொடுத்தாள். தேதி எந்தக் காலத்திலோ நின்றிருந்தது. உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி செத்துப்போயிருக்கும், அதனால் டிஸ்க் இருப்பதையே மெஷின் மறந்திருக்கலாம் என்று புதியது வாங்கிவந்து போட்டாள். டிஸ்க்கைத் தேடச் சொன்னாள். தேடிவிட்டு, எதுவும் இல்லை என்று கைவிரித்தது. காதை வைத்துக் கேட்டாள். காற்றாடி மட்டும் இரைந்தது. டிஸ்க் சுழலும் சத்தமே இல்லை.

இதற்குள் அம்மா சின்னவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"வேணாம்மா! அதைப் போய் ஏன் நோண்டுறீங்க? இருக்கிறபடி இருக்கட்டும், மேல தூக்கி வைங்க" என்று பதறினான் அவன்.

"பாத்தியாம்மா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது" என்றாள் பெரியவள். அவளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிஸ்க் இருந்த மூலைக்குள் டார்ச் அடித்தாள்.

தகவல் போகும் பட்டை ஒயர் மாட்டியே இருந்தது. மின்சாரம் போகும் ஒயரின் முனையை மட்டும் கழற்றி, ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். அந்த முனைக்கு நீலத் துணியில் ஓர் உறை. சின்னவனின் பள்ளிச் சட்டைத் துணி. விளிம்பில் பொத்தான் துளைக்குப் போடுவதுபோல நெருக்கமான காஜாத் தையல்.

பெரியவளின் கையிலிருந்து டார்ச் நழுவியது. இந்தத் தையலைத் தெரியாதா அவளுக்கு? இதைப் போட்டுக்கொண்டுதானே வளர்ந்தாள்!

"அம்மா..."

தையல் மெஷின் நின்றது.

"விளையாட்ட நிறுத்தினா படிப்பான்னு நெனச்சேன்டி. பரீட்சை முடிஞ்சதும் மாட்டிடலாம்னு இருந்தேன். தூசி போகக் கூடாதேன்னு உறை போட்டேன். உன் படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குன்னு எனக்குத் தெரியல. அப்பறம் உங்கப்பா கத்தின கத்துல சொல்ல வாயே வரல."

பெரியவள் உறையைப் பிய்த்து எறிந்தாள். ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். உள்ளே ஏதோ முனகியது, தடுமாறியது, பிறகு சீராகச் சுழன்றது. எரியவே எரியாத டிஸ்க் எழுந்து ஓடியது. திரையில் அவள் பெயரிட்ட கோப்புகள் வரிசையாக வந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தாள்.

"டேய்... கேட்டியாடா? அம்மாதான்டா கழட்டியிருக்காங்க."

மறுமுனையில் பட்டறையின் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"தெரியும்க்கா" என்றான். "வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி, நான் எரிக்கலன்னு காட்டத்தான் பெட்டியத் திறந்தேன். உறையப் பாத்தேன். மூடிட்டேன்."

"மூடிட்டியா? பாவி, ஒயரை மாட்டிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"மாட்டியிருந்தா ஓடியிருக்கும். எப்படி ஓடுதுன்னு அப்பா கேட்டிருப்பார். அந்த பெல்ட்டை அம்மா தாங்குவாங்களா? எனக்காவது பழகின முதுகு."

அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இவளுக்கும் இது புதுச் செய்தி.

பெரியவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்று அப்பாவிடம் அவனை விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா? இருக்கியா?"

"கல்யாணத்துக்கு..." என்றாள். "நான் வந்தா, சேத்துக்குவியாடா?"