கீத் மூடிய கேட்

பிப்ரவரியில் கீத்துக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெண்ணெய் இல்லை.

காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் பருப்பு சூப், வாரத்தில் இரண்டு நாள் மீன். ஞாயிற்றுக்கிழமை கோழி வறுப்பேன். தோலை நானே உரித்து எடுத்துவிடுவேன். தோல் குப்பைக்குப் போவதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"இந்தக் கஞ்சிய வச்சு சுவரே கட்டலாம், ஜேனட்."

"கட்டேன். தோட்டத்துச் சுவர் சரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு."

நான் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எதையும் அளந்து எழுதிவைப்பது பழக்கமாகிவிட்டது. அவனுடைய ரத்த அழுத்தத்தைத் தினமும் எழுதினேன். சனிக்கிழமைகளில் தோட்டத்து விளக்குப் பெட்டியில் சிக்கிய விட்டில்பூச்சிகளை எண்ணி, வகை பிரித்து எழுதினேன். பெட்டிக்குள் பூச்சிகள் ஒளிந்துகொள்ள முட்டை அட்டைகள் வேண்டும். வீட்டில் முட்டை குறைந்ததால் அட்டையும் குறைந்தது. "என் வயித்துல அடிச்சே. இப்ப பூச்சிக்கும் வீடு போச்சு," என்றான் கீத்.

அவனுக்குப் பழைய ரேடியோக்கள். கொட்டகையில் பதினோரு ரேடியோ இருக்கின்றன, நான்கு பாடும். ஒயரோ கயிறோ கையில் கிடைத்தால் எட்டு வடிவத்தில் சுற்றி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டுவான். எங்கள் துணி உலர்த்தும் கயிறுகூட அப்படித்தான் தொங்கும்.

தினமும் நாற்பது நிமிடம் நடக்கவேண்டும், சமதளத்தில் மட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மேடு ஏறுவது குளிர்காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். எங்கள் ஊர் யார்க்‌ஷயரில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. பொதுவழிகள் எல்லாம் வீட்டு வாசலிலிருந்து நேராகக் குன்றின்மேல் ஏறுகின்றன. சாலையில் நடைபாதை கிடையாது, கல்குவாரி லாரிகள் போகும். சமதளம் என்றால் ஆற்றோரம் மட்டும்தான். ஆற்றோரம் மேரியன் ஆல்டர்சனின் மேய்ச்சல் நிலம். அவர் பெரிய மனது பண்ணி நடக்க விட்டிருக்கிறார். நுழையும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. இது பொதுவழி அல்ல, அனுமதி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம் என்று.

மார்ச்சில் முதல் நாள் அந்தப் பலகை வரை போனதும் கீத் சுவரில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, வலிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றான். ஏப்ரலில் முதல் புல்வெளி. மே மாதம் இரண்டாவது. ஜூனில் பாலம் வரை போய்த் திரும்பினோம், நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் மட்டும் அவன் கை நெஞ்சுக்குப் போகாது. வீட்டில் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. ஐந்து வாரமாக மழை இல்லை. மேல் புல்வெளிக்கும் ஆற்றோரப் புல்வெளிக்கும் நடுவில் இருக்கும் கேட் திறந்து கிடந்தது. ஆரஞ்சு நிறக் கட்டுக்கயிற்றால் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். செம்மறிகள் மேல் பக்கம் இருந்தன.

நான் வேலியில் ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புத் தாழ் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"மூடிட்டியா?"

"எவனோ திறந்து போட்டுட்டுப் போயிருக்கான். ஊருக்குப் புதுசா வந்தவனா இருக்கும்."

ஒரு கணம் ஏதோ உறுத்தியது. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் உண்மையான விதி. ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது, கேட்டைப் பார்த்தால் மூடு என்பதுதான். கை தானாகப் போகும். பூச்சி பறந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் நடந்தேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் மகள் பெத்தானி வேலை முடிந்து வந்தாள். பதினெட்டு வயது. வார இறுதியில் ஊர்த் தேநீர்க்கடையில் பரிமாறுகிறாள். மீதிக் கோழியை நின்றுகொண்டே பிய்த்துத் தின்றபடி பேசினாள்.

"மேரியன் வீட்டு ஆட்டு விஷயம் தெரியுமா? கேட்டை யாரோ மூடிட்டாங்களாம். மேல தொட்டிக்கு வர்ற ஊத்து வத்திப் போச்சாம், அதனால ஆத்துக்கு இறங்கட்டும்னு திறந்து வச்சிருந்தாங்களாம். நேத்து பூரா தண்ணியே இல்ல. காலையில போய்ப் பாத்தா ஒரு ஆடு செத்துக் கிடக்கு. ரெண்டு குட்டி எந்திரிக்கவே இல்லயாம்."

சாலட் தின்றுகொண்டிருந்த கீத் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"யாராம்?" என்று கேட்டேன்.

"ஜெஃப்தான். வேற யாரு." ஜெஃப் மேரியனின் அண்ணன். அறுபத்தேழு வயது. தங்கையின் பண்ணையில் பின்கட்டில் இருக்கிறார். "கயித்தை அழகாச் சுத்தி கம்பத்துல மாட்டியிருந்துச்சாம். வெளியாள் யாரு அப்படிச் செய்வான், இவன்தான் சாயங்காலம் வந்து வழக்கம்போல மூடிட்டு மறந்துட்டான்னு மேரியன் கடையில எல்லார் முன்னாடியும் கத்தினாங்க."

"அவர் இல்லைனு சொல்லலயா?"

"அதான் பாவம். ஞாபகம் இல்ல, நான்தான் செஞ்சிருப்பேன்னு சொன்னார். போன மாசம் வண்டிச் சாவிய ரொட்டி டப்பாவுல வச்சாராமே. அவங்க அப்பாவுக்கும் மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். ஜெஃப் டிராக்டர் சாவிய எடுத்து மேஜை மேல வச்சிட்டு, இனிமே நீயே வச்சிக்கன்னுட்டார். அப்புறம் டீ குடிக்காமலே போயிட்டார்." அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"சாலட் எடுத்துக்க," என்றேன்.

"கோழியத் தின்னா சாலட்டு. நல்ல வீடு." தட்டோடு மாடிக்குப் போய்விட்டாள்.

கீத் மெதுவாகச் சொன்னான். "எட்டு மாதிரி சுத்தினேன். முடிச்சும் போட்டேன்."

"தெரியும்."

"போய்ச் சொல்லணும்."

நான் மேஜையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அப்போது நான் நினைத்ததை எழுதத்தான் வேண்டும். யாருக்கும் தெரியாது, அதுதான் நினைத்தேன். ஜெஃப்புக்கு ஒரு டாக்டர் பரிசோதனை செய்வார், ஒன்றும் இல்லை என்பார். மேரியன் ஒரு வாரத்தில் ஆறிவிடுவார். பாதை இருக்கும்.

"பாதையை மூடிடுவாங்க, கீத். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாய் குட்டியத் துரத்துச்சுன்னு ஒரு கோடை பூரா மூடினாங்க."

"மூடட்டும்."

"அப்புறம் நீ எங்க நடப்பே? இந்த அடுப்படியிலயா?"

"ஜேனட்." அவன் கை நெஞ்சுக்குப் போயிற்று. வலி இல்லை, வெறும் வழக்கம். "எனக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும். படம் எடுத்துக் காட்டினாங்க, எங்க அடைப்புன்னு. அந்த மனுஷன் இல்லாத வியாதிய இருக்குன்னு நம்பி உக்காந்திருக்கான்."

நான் துணியைப் பிழிந்து தொங்கவிட்டேன். கார் சாவியை எடுத்தேன்.

பண்ணை முற்றத்தில் மேரியன் ஒரு குட்டியைத் தொடைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு புட்டியில் ஏதோ புகட்டிக்கொண்டிருந்தார். சாணமும் கிருமிநாசினியும் கலந்து வாடை அடித்தது. எதிரே கொட்டகை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஜெஃப் உட்கார்ந்திருந்தார். கையில் எதுவும் இல்லை. அவரைக் கையில் எதுவும் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா என்ன?" என்றார் மேரியன், தலை நிமிராமல்.

"கேட்டை மூடினது நான்தான்," என்றான் கீத். "நேத்து காலையில, எட்டு இருபது இருக்கும். கயித்தை அவுத்துச் சுத்தி கம்பத்துல மாட்டினதும் நான்தான். ஜெஃப் இல்ல."

"நானும் கூட இருந்தேன்," என்றேன். "பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன்."

குட்டி புட்டியை விட்டுவிட்டு இருமியது. மேரியன் அதன் வாயைத் துடைத்தார்.

"கட்டி வச்ச கேட்டை எதுக்கு அவுக்கணும்?"

"திறந்து கிடந்தா மூடணும்னு..."

"கட்டி வச்சிருந்துச்சு, கீத். முட்டாள்கூட முடிச்சைப் பாத்தா யோசிப்பான். இருபது வருஷமா இங்க இருக்கீங்க."

"ஆமா. யோசிக்கல."

ஜெஃப் வாளியிலிருந்து எழுந்திருந்தார். "நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்ல."

"சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தப் பக்கமே போகலயோ?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா காலையிலயே அது மூடித்தான் இருந்துச்சு."

"எப்படிச் சுத்தினே?"

கீத் கையைக் காற்றில் ஆட்டி எட்டுப் போட்டுக் காட்டினான். நடுவில் முடிச்சு.

ஜெஃப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வட்டமா சுத்துவேன். மேரியன், நான் வட்டமால்ல சுத்துவேன்?" தங்கை குட்டியின் முதுகைத் தடவினார். "முடிச்சு போடவே மாட்டேனே நான்!" அவர் குரல் உயர்ந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். தோள் அசைந்தது. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆட்டுக்கு என்ன ஆகுமோ அதைக் குடுத்துடறோம்," என்றேன்.

"ஆகும்தான். வாங்கிக்கறேன்." மேரியன் குட்டியைத் தரையில் விட்டார். அது நின்றது, பின்னங்கால் நடுங்கியது. "வந்து சொன்னீங்க. சரி. அதுக்காக செத்த ஆடு உசுரோட எந்திரிச்சு வராது. நாளையிலேர்ந்து பாதை இல்ல. அக்டோபர்ல ஆட்டை வேற மேய்ச்சலுக்கு மாத்தினப்புறம் யோசிக்கறேன்."

"சரி," என்றான் கீத்.

நான் வாயைத் திறந்தேன். அவனுக்கு நெஞ்சு, அவனுக்கு வேறு பாதை இல்லை என்று சொல்ல வந்தேன். கீத் என் முழங்கையைத் தொட்டான். மூடிக்கொண்டேன்.

காரில் ஏறும்போது மேரியனின் குரல் கேட்டது. "இன்னிக்குக் கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, ஜெஃப்." ஜெஃப் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

குவாரி லாரிகள் ஏழு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அதனால் திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குச் சாலையில் இறங்கினோம். கீத் பெத்தானியின் பளபளக்கும் மஞ்சள் மேலாடையைப் போட்டுக்கொண்டான். வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை.

"ரோடு போடுறவன் மாதிரி இருக்கேன்."

"அவங்க உன்னைவிட ஒல்லி."

தார் ராத்திரியிலும் ஆறவில்லை. ஆற்றின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, பார்க்க முடியவில்லை. நீட்டிய முள்கிளைகளை விலக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். பின்னால் நடந்ததால் அவன் கையை என்னால் பார்க்க முடிந்தது. இரண்டு முறை நெஞ்சுக்குப் போய் இறங்கியது. ஆற்றோரத்தில் அப்படிப் போகாது. நான் அதை எண்ணினேன், ஆனால் வீட்டில் தாளில் எழுதப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

பாலத்துக்கு முன் வளைவில் டிராக்டர் சத்தம் கேட்டது. சுவரோடு ஒட்டி நின்றோம். ஆல்டர்சன் வீட்டுப் பச்சை டிராக்டர், பின்னால் தண்ணீர்த் தொட்டி வண்டி. ஓட்டியவர் ஜெஃப். எங்கள் ஊர் வழக்கப்படி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைத்தார். கீத் முழுக் கையையும் தூக்கினான்.

டிராக்டர் தண்ணீரைச் சிந்திக்கொண்டே மேல் புல்வெளிக்குத் திரும்பியது.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றான் கீத்.

"இருபத்தொண்ணு."

"அப்ப திரும்பலாம்," என்றான். இப்போது என்னை முன்னால் போகச் சொன்னான்.