பத்தாவது ஆள்

பேட்டைத் தொழிற்பேட்டையில் யூனிஸ் அக்கா நடத்தும் பட்டறையில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவார்கள். ஒன்பது பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களில் கைவேகம் கூடியவள் விஜயஸ்ரீ.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், இனிப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று அவளும் கணவன் குமரகுருபரனும் பேசி முடிவு செய்தார்கள். அவன் தனியார் பேருந்தில் நடத்துநர். வண்டியில் ஏறினால்தான் அன்றைக்குச் சம்பளம். நீ வேலையை விட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அந்தப் ‘பிறகு’தான் அவளைப் பயமுறுத்தியது. கூட வேலை பார்த்த ஸ்டெபி பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது, அவள் இடத்தில் வேறொருத்தியைச் சேர்த்திருந்தார்கள். ஸ்டெபி இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள்.

அதனால் தனக்கு என்னென்ன கிடைக்கும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ள விஜயஸ்ரீ கிளம்பினாள். கர்ப்பத்தைப் பதிந்தால் அரசு உதவித்தொகை வரும் என்று சுகாதார நிலையத்துச் செவிலியர் சொன்னார். நல்ல விஷயம்தான், ஆனால் பல மாதச் சம்பளத்துக்கு அது ஈடாகாது. ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அம்மையப்பன் என்ற அலுவலர் அவளை உட்காரவைத்து விளக்கினார். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்து, முன்கூட்டியே சம்பளத்தில் சந்தா பிடித்திருந்தால், பிரசவத்துக்கு ஆறு மாதம் முழுச் சம்பள அளவுக்குப் பணம் வரும். ஆனால் பத்துப் பேராவது இருக்கிற பட்டறைக்குத்தான் அது கட்டாயம்; முதலாளியும் பங்கு கட்ட வேண்டும்.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்பே யூனிஸிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

யூனிஸ் ஒளிக்கவில்லை. “ஒம்பது பேரோட நிறுத்துறதே அதுக்குத்தான், விஜயா. இங்கன எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தான்.”

“தெரியும்க்கா. ஆனா போன மாசம் ஆளில்லாம ரெண்டு ஆர்டர திருப்பி அனுப்புனிய. ஸ்டெபி வாரேன்னு சொல்லுதா. அவளுக்கு வேலையும் தெரியும்.”

யூனிஸ் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார். அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. இருக்கிற வேலையையும் கெடுத்துக்கொண்டோமோ என்று விஜயஸ்ரீ பயந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் யூனிஸே கூப்பிட்டார்.

“ஸ்டெபிய திங்கக்கெழம வரச் சொல்லு. எல்லாரும் ஆதார் கொண்டாங்க, பதியணும்.” கூடவே சொன்னார்: “எம் புள்ள ஜெனோவ பெத்துட்டு நான் பச்ச ஒடம்போட வந்து இங்கன உக்காந்தேன். இன்னொருத்தி அப்படி உக்கார வேண்டாம்.”

பக்கத்துப் பட்டறைப் பலவேசம் அண்ணாச்சி, எதற்கு இந்த வீண் செலவு என்று வந்து கேட்டார். தன் பட்டறையில் பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று யூனிஸ் தலைநிமிர்ந்து பதில் சொன்னது உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்டது. திருப்பி அனுப்பிய ஆர்டரில் ஒன்று திரும்பவும் வந்தது.

சந்தா பிடித்துச் சில மாதம் கழித்துத்தான் விஜயஸ்ரீ உண்டானாள். எட்டாம் மாதம் வரை காயில் சுற்றினாள். பெண் குழந்தை பிறந்தது. ஈ.எஸ்.ஐ. பணம் அவள் வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்தது. குறுஞ்செய்தியைக் குமரகுருபரன் இரண்டு தடவை படித்தான்.

பேர் வைக்கிற அன்று வீடு நிறைய ஆட்கள். அவனுடைய சித்தி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, “வேலைய விட்டாச்சுல்லா?” என்று கேட்டாள்.

“விடல சித்தி. லீவுல இருக்கேன். சம்பளம் வருது.”

சித்திக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. ஆம்பளைகளுக்குத்தானே அப்படியெல்லாம் உண்டு என்றாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த குமரகுருபரன் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். தன் பெண்டாட்டி எங்கெங்கே போய், யார் யாரிடம் கேட்டு இதை வாங்கினாள் என்று அவனே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். சாம்பாருக்குக் காத்திருந்தவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.