பவளம் நின்ற பக்கம்

வேலம்பாளையம் கிட்டுசாமிக்குக் குதிரை என்றால் உயிர். குதிரையைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவர் சொல்லிவிட்டால் மட்டும் ஆகாது. மகன் அருண்குமார் வீட்டுக்கு முன்னால் பனியன் கம்பெனி நடத்த, இவர் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு குதிரைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஆண் குதிரை முத்து, பெட்டை பவளம். பதினான்கு வருசமாக இரண்டும் நகமும் சதையுமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் மேய்ந்துகொண்டிருந்த பவளம் வயிற்று வலி கண்டு, விழுந்து, செத்துப்போனது. முத்து பார்த்தால் தாங்காது என்று அதைக் கொட்டகைக்குள் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பொக்லைன் வரவழைத்து அங்கேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டார் கிட்டுசாமி. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

திங்களும் செவ்வாயும் முத்துவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வலது விலாவைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூலையில் நின்று, கனைத்துக் கனைத்து ஓய்ந்தது. வெளியே இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. கிட்டுசாமி கொள்ளு அவித்து வைத்தார், வெல்லம் காட்டினார், தலைகீழாக நின்று பார்த்தார். துணைக்கு ஆகட்டும் என்று சோமனூரிலிருந்து சிநேகிதர் ரத்தினசாமியின் குதிரையைக் கொண்டுவந்தார்கள். அது பக்கத்தில் வந்ததும் முத்து மிரண்டு உதைக்க, வந்த குதிரை வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

கால்நடை டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார். "ஏக்கமுங்க. நாளைக்குள்ள அதுவா தண்ணி குடிக்கோணுமுங்க. இல்லீன்னா குடல் நின்னு போயிருமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கிட்டுசாமியும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நீங்க பட்டினி கெடந்தா அதுக்கு வயிறு ரொம்பீருமாங்க?" என்று மனைவி நஞ்சம்மாள் கேட்டாள். அவர் எழுந்து மறுபடி கொட்டகைக்கே போனார்.

புதன்கிழமை காலை டீ நேரத்தில் நாகஜோதி கொட்டகைக்கு வந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பனியனில் எது இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடித்துவிடுவாள். குதிரைக்குக் கீழே விரிக்க வேஸ்ட் துணி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். முத்து அப்போது சுவரை விட்டுக் கொஞ்சம் விலகி நின்றது. குதிரை தெரிந்தவர்கள் யாரும் அந்தச் சந்துக்குள் போக மாட்டார்கள். நாகஜோதிக்குத் தெரியாததால் போய்விட்டாள்.

அவள் எடுத்து விரித்த வெள்ளைத் துணி முத்துவின் முகத்துக்கு நேராகப் போயிற்று. முத்து இமைக்கவில்லை. குறை பார்த்தே பழகிய புத்தி சும்மா இருக்குமா? இடது பக்கம் வந்து அதே துணியைக் காட்டினாள். முத்து வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டது. மறுபடியும் வலது பக்கம் போய்க் காட்டினாள். அசைவே இல்லை.

"அய்யா, கோவிச்சுக்கிடாதீங்க. இதுக்கு வலது கண்ணு தெரியல," என்றாள், அப்போது உள்ளே வந்த கிட்டுசாமியிடம்.

"நாப்பது வருசமா குதிர வெச்சிருக்கறன் அம்மிணி. பனியன்ல ஓட்ட பாக்கறாப்பலயா இது?"

"நீங்களே பாருங்கய்யா." துணியை அவரிடம் நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாக வாங்கி ஒரு தடவை காட்டினார். இரண்டாம் தடவை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினார். முத்து இமைக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கிட்டுசாமி சறுக்கி விழுந்தே விட்டார்.

போன் போட்டதும் வந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்து கண்ணை விட்டுவிட்டதை ஒப்புக்கொண்டார். "உள்ளார நரம்பு கெட்டு நாலஞ்சு வருசம் இருக்குமுங்க. வெளிய பாத்தா தெரியாதுங்க. ஆனா நடையில தெரிஞ்சிருக்குமே, எப்படீங்க கவனிக்காம உட்டீங்க?"

பவளம் தெரியவிட்டால்தானே. மேய்ச்சலுக்குப் போனாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாலும் அவள் முத்துவின் வலப்பக்கம்தான். இடம் மாற்றிக் கட்டினால் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பழைய பக்கத்துக்கே போய் நின்றுவிடுவாள். திமிர் பிடித்த குதிரை என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்தத் திமிரை அடக்க எத்தனையோ நாள் சாட்டையை எடுத்திருக்கிறார். முத்துவுக்கு ஒரே நாளில் துணையும் போய், பாதி உலகமும் இருட்டாகிவிட்டது. அதைக் கதவைச் சாத்தி வேறு வைத்திருந்தார்.

"அந்தப் பக்கம் ஆளு நின்னா வருமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே நாகஜோதி முத்துவின் வலப்பக்கம் போய்க் கழுத்தில் கை வைத்தாள். "நா இங்கனதான் நிக்கேன். மெதுவா வா, ராசா."

முத்துவின் உடம்பு ஒருமுறை நடுங்கி அடங்கியது. பிறகு ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. கிட்டுசாமி இடப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் வெளியே வந்தார்கள். முத்து நேராகத் தோப்புக்கு இழுத்தது. புது மண் தெரிந்ததும் கிட்டுசாமி கயிற்றைச் சுண்டினார்.

"போகட்டும்யா. சோடி எங்க போச்சுன்னு தெரியாமத்தான இந்தத் தேடு தேடுது. காட்டிருங்க," என்றாள் நாகஜோதி.

அவர் கயிற்றை விட்டார். முத்து மண்ணை முகர்ந்தது. குளம்பால் பறித்தது. மூன்று தடவை கனைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் காதைத் தூக்கிக் கேட்டது. பிறகு அப்படியே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றது. யாரும் அதை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அதுவாகவே திரும்பித் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தது. நாகஜோதியும் வலப்பக்கம் கூடவே போனாள். தொட்டியில் வாய் வைத்து அது உறிஞ்சிய சத்தம் பின்கட்டில் நின்ற நஞ்சம்மாளுக்கே கேட்டது. அவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அருண்குமார் வந்து எட்டிப் பார்த்தான். "அப்பா, செக்கிங் டேபிள்ல பீஸ் குமிஞ்சு கெடக்குதுங்க."

"கெடக்குட்டும் போ," என்றார் கிட்டுசாமி. அப்புறம் நாகஜோதியின் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். எவர் முன்னாலும் லேசில் வளையாத மனுசன். "அம்மிணி, என்ர குதிரைய நீதான் காப்பாத்திக் குடுத்த. சாகற மட்டும் மறக்கமாட்டன்."

அவளுக்குக் கூச்சத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "என்னய்யா நீங்க, பெரியவுக போயி கையெடுத்துக்கிட்டு. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. எனக்கு வேல கெடக்கு."

அவள் போனதும் கிட்டுசாமி வலப்பக்கம் வந்தார். நாற்பது வருசமாகக் குதிரையை இடப்பக்கம் பிடித்தே பழகியவர். கொட்டகைக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் முத்து அவர் மேல் சாய்ந்தது. அடிக்கு அடி அந்தக் கனம் தோளில் ஏறியது. நூறடி நடப்பதற்குள் அவருக்குச் சட்டை நனைந்து மூச்சு வாங்கியது. இந்தக் கனத்தைத்தான் பவளம் ஒருத்தருக்கும் தெரியாமல் வருசக்கணக்கில் தாங்கியிருக்கிறாள், சாட்டையடியையும் சேர்த்து. வருத்தத்துக்கு முன்னால் அவருக்குப் பொங்கி வந்தது நன்றிதான்.

கொட்டகை வாசலில் நின்று தோப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ நின்னது போதுஞ் சாமி," என்றார். "இனி நான் நின்னுக்கறன்."